நாய் தண்ணி குடிச்சுச்சா?

கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்கு வந்தபோது என்னோடு வந்த சீர்ச்சாமான்களில் உயிருள்ளது ஒன்றுதான். ஒரு செம்மறி ஆடு. கண்டரமாணிக்கம் பக்கத்தில் நான் பிறந்த ஊரில் ஆட்டுமந்தை வைத்திருந்த ஒருவருக்கு என் அப்பா வண்டிச் சக்கரம் செய்து கொடுத்தார். அதற்குப் பதிலாக அவர் ஒரு பெட்டைக் குட்டியைக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுப் போனார். அதை வளர்த்தது நான். அதனால் கல்யாணத்துக்குப் பிறகு அதுவும் என்னோடு வண்டியேறிவிட்டது.

அறுபதுகளின் கடைசி அது. காரைக்குடியிலிருந்து போகும் டவுன் பஸ் கோட்டையூரைத் தாண்டி என் புருஷன் ஊர் விலக்கில் நிற்கும். இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். என் வீட்டுக்காரரும் தச்சர்தான். கோட்டையூரில் ஒரு செட்டியார் வீட்டுக்குப் பர்மாத் தேக்கில் கதவு வேலை நடந்துகொண்டிருந்தது. காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால் பொழுது சாயும்போதுதான் வருவார். மாமியார் மாமனார் இல்லை. பகல் முழுவதும் நானும் ஆடும்தான்.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு கிறிஸ்தவக் குடும்பம் இருந்தது. அந்த அக்காவுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். பிள்ளைகள் இரண்டும் தூரத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தன. அவர் புருஷன் சிவகங்கைப் பக்கம் வாத்தியார். சனிக்கிழமை வருவார், திங்கட்கிழமை விடியும் முன் பஸ் பிடிப்பார். அந்த வீட்டில் ஒரு வெள்ளாடும் ஒரு செவலை நாயும் உண்டு. நாயை மாட்டுக் கொட்டகைத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டியிருப்பார்கள்.

நான் வந்த புதிதிலேயே எனக்கும் அந்த அக்காவுக்கும் பேச்சு நின்றுபோயிற்று. என் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அவர் வளர்த்த கனகாம்பரச் செடிகளை அடியோடு மேய்ந்துவிட்டது. அவர் வாசலில் நின்று, "ஆடு வளக்கத் தெரியாதவுகள்லாம் எதுக்கு ஆடு வளக்குறாக?" என்று தெருவுக்குச் சொன்னார். நானும் தெருவுக்கே பதில் சொன்னேன். அதோடு சரி. எதிரெதிர் வாசலில் கோலம் போடுவோம், நிமிர்ந்து பார்த்துக்கொள்ள மாட்டோம்.

தை மாதக் கடைசியில் என் ஆடு குட்டி போட்டது. ஒரே குட்டி. பெட்டைக் குட்டி. நெற்றியில் மட்டும் வெள்ளை, மற்றதெல்லாம் கருஞ்சிவப்பு. மாசியில் அது துள்ளி விளையாட ஆரம்பித்திருந்தது.

ஒரு நாள் மத்தியானம் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். வாசல் பக்கம் சங்கிலி தரையில் உரசிக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது. அடுத்து குட்டியின் கத்தல். நான் ஓடிப் போனபோது செவலை நாய் குட்டியின் பின்தொடையைக் கவ்வி உதறிக்கொண்டிருந்தது. தாயாடு சுவரோரம் ஒதுங்கி நின்று கத்தியது. கையிலிருந்த ஈரத்துணியால் நாயின் முகத்தில் ஓங்கி ஓங்கி அடித்தேன். அது பல்லை எடுக்கவில்லை. பக்கத்தில் கிடந்த வாளியைத் தூக்கி அதன் முதுகில் போட்டதும்தான் விட்டது. சங்கிலியை இழுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குள் ஓடிற்று.

குட்டியைத் தூக்கினேன். தொடைச் சதை கிழிந்து தோல் மடிந்து தொங்கியது. கழுத்திலும் பல் இறங்கியிருந்தது. என் கையெல்லாம் ரத்தம், நாயின் எச்சில். குட்டி கண்ணை மட்டும் திறந்து திறந்து மூடியது.

எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. "சங்கிலி பிடுங்கிக்கிருச்சு. நா அவுத்து விடல" என்றார். மாதக் கணக்கில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. ஒரு பழைய வேட்டியில் குட்டியைச் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

அந்த நடையில் நான் அழவில்லை. குட்டியின் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். பஸ்ஸில் ஏறி, முந்தானையை மேலே போட்டு மூடிக்கொண்டு பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் கைப்பிள்ளை என்று நினைத்து, "காச்சலா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அந்த நேரம் பார்த்துக் குட்டி மெல்லக் கத்திற்று. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, ஆடெல்லாம் பஸ்ல ஏத்தக்கூடாது."

நான் முந்தானையை விலக்கிக் காட்டினேன். வேட்டி முழுக்கச் சிவப்பாக இருந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முன்னால் போய் டிரைவரிடம் ஏதோ சொன்னார். வண்டி காரைக்குடி ஸ்டாண்டுக்குப் போகுமுன் மாட்டாஸ்பத்திரிக்குப் போகும் முக்கில் நின்றது. அங்கே ஸ்டாப் கிடையாது. "இங்குட்டு எறங்கி நேரா போ" என்றார்.

டாக்டர் வயதில் சின்னவர். காயத்தைக் கழுவி, பாதிக்கு மேல் தைத்து, ஒரு மூலையை மட்டும் சீழ் வடியத் திறந்து விட்டார். வெள்ளைப் பொடி தூவினார். ஊசி போட்டார். குட்டி ஒரு தரம்தான் கத்தியது. எல்லாம் முடிந்து கை கழுவும்போது என் கையைப் பார்த்தார்.

"உங்க கையில என்ன காயம்?"

பெருவிரலில் அன்று காலை வாழைக்காய் நறுக்கும்போது அரிவாள்மனை வெட்டியிருந்தது. அதைச் சொன்னேன். நாயின் எச்சில் அந்த வெட்டில் பட்டிருக்கும் என்று அவர் சோப்பைக் கையில் கொடுத்து, நன்றாகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவச் சொன்னார்.

"கடிச்ச நாய் எங்க இருக்கு?"

"எதிர்வீட்டு நாய்ங்க."

"நல்லதாப் போச்சு. அதைக் கட்டிப்போட்டுப் பாக்கணும். பத்துப் பதினஞ்சு நாள். ஒழுங்கா தின்னு தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தா குட்டிக்கும் பயமில்ல, உங்களுக்கும் பயமில்ல. தண்ணி குடிக்க மாட்டேன்னாலோ, எச்சில் வடிஞ்சாலோ அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து ஊசி போட்டுக்கணும். நாயை யாரும் அடிச்சுக் கொன்னுடாம பாத்துக்கங்க. கொன்னுட்டா அதுக்கு வெறி இருந்துச்சா இல்லையான்னு தெரியாமலே போயிரும்."

தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசியைப் பற்றி எல்லோரும் பயந்து பேசிக் கேட்டிருக்கிறேன். திரும்பி வரும் பஸ்ஸில் குட்டியைப் பார்ப்பதா, என் விரலைப் பார்ப்பதா என்று தெரியவில்லை.

ஊருக்குள் நுழைந்ததுமே சத்தம் கேட்டது. எதிர்வீட்டு முன்னால் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். கையில் உருட்டுக்கட்டை. செய்தி கேட்டு வேலையை விட்டு வந்திருக்கிறார். கூட அந்தத் தெரு ஆட்கள் இரண்டு பேர், ஆளுக்கொரு கம்போடு. அக்கா கொட்டகை வாசலில் கையை விரித்து நின்றார். அவர் காலுக்குப் பின்னால் நாய் சுருண்டு கிடந்தது.

"வெலகிருங்க. இன்னிக்கு ஆட்டைக் கடிச்சது நாளைக்குப் பிள்ளையக் கடிக்கும்" என்றார் ஒருவர்.

"எங்க வீட்டு சாரு வரட்டும். அவுக வந்து என்ன செய்யச் சொல்றாகளோ செய்றேன்" என்றார் அக்கா. நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

நான் நடுவில் போய் நின்றேன். "கட்டையக் கீழ போடுங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நீ குட்டியக் கொண்டுக்கிட்டு உள்ள போ."

"நாய் செத்துச்சுன்னா எனக்கு ஊசி போடணும். டாக்டர் சொல்லியிருக்காக. அது உசுரோட இருக்கணும்."

விரலைக் காட்டி டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். என் வீட்டுக்காரர் முகம் மாறிற்று. கட்டை கையிலிருந்து தானாக நழுவியது. கம்போடு வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர், "அப்ப நாய நல்லாப் பாத்துக்கங்க" என்று அக்காவிடமே சொல்லிவிட்டுப் போனார். கொல்ல வந்தவர் சொன்ன வார்த்தை அது.

மறுநாள் காலையில்தான் பெரிய சிக்கல் தெரிந்தது. தாயாடு குட்டியைச் சேர்க்கவில்லை. மருந்து வாடை அடித்த குட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போயிற்று. நான் தாயின் தலையைப் பிடித்துக்கொண்டு குட்டியை மடியில் விட்டால் காலால் உதைத்தது. குட்டி பசியில் கத்தியது. பீய்ச்சி எடுக்கலாம் என்றால் பயந்து போயிருந்த ஆட்டின் மடியில் பாலே இறங்கவில்லை. வீட்டில் காப்பிக்கு வாங்கும் மாட்டுப் பாலில் தண்ணீர் கலந்து ஊட்டினேன். வாயோரம் வழிந்தது.

வாசலில் நிழல் தட்டிற்று. எதிர்வீட்டு அக்கா நின்றார். ஒரு கையில் செம்பு, இன்னொரு கையில் வெள்ளிப் பாலாடை. தன் பிள்ளைகள் கைக்குழந்தைகளாக இருந்தபோது பால் புகட்டியது.

"வெள்ளாட்டுப் பாலு. இப்பத்தான் கறந்தேன். சூடு ஆறுறதுக்குள்ள குடு" என்றார். அப்புறம், "நா குடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

நான் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன். அவர் தரையில் உட்கார்ந்து, குட்டியை மடியில் சாய்த்து, தாடையைத் தடவித் தடவி ஊட்டினார். தொண்டையில் பால் இறங்குவது தெரிந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எழுந்திருக்கும்போது நான் கேட்டேன். "நாய் தண்ணி குடிச்சுச்சா?"

"குடிச்சுச்சு. விடிஞ்சதும் எழுந்திரிச்சு அதைத்தான் மொதல்ல பாத்தேன்."

அன்றிலிருந்து அதுதான் எங்கள் காலைப் பேச்சு. நான் வாசல் தெளிக்கும்போது அவர் எதிர்ப்பக்கம் வாளியோடு நிற்பார். "குட்டி எப்படி இருக்கு?" என்பார். "நாய் தண்ணி குடிச்சுச்சா?" என்பேன். சில நாள் நானே போய்ப் பார்ப்பேன். எனக்காகவே அவர் சட்டியில் தண்ணீர் ஊற்றி வைப்பார். அது நாக்கைச் சுழற்றிக் குடிக்கும் சத்தம் எனக்கு அப்போது எந்தப் பாட்டையும் விட இனிமையாக இருந்தது. கடித்த வாய்தான். ஆனாலும் அது குடிக்கக் குடிக்க எனக்கு உயிர் வந்தது.

என் வீட்டுக்காரர் மட்டும் கொஞ்ச நாள் முறைப்பாகவே இருந்தார். அக்கா வேண்டுமென்றே அவிழ்த்து விட்டிருப்பார் என்ற சந்தேகம் அவருக்கு. ஒரு நாள் என்னோடு வந்து கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். நாயைக் கட்டியிருந்த பழைய தூணில், வளையம் இருந்த இடத்தில் ஒரு பொத்தல். விரலை விட்டுக் கிண்டினார். மாவு மாவாக உதிர்ந்தது. செல்லரித்த தூண். கையைத் தட்டிவிட்டு வந்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கு முன்னால் கோட்டையூரிலிருந்து ஒரு வேப்பங்கட்டையைச் சைக்கிளில் வைத்துக் கட்டித் தள்ளிக்கொண்டு வந்து, இழைத்து, கொட்டகையில் ஊன்றி, புது வளையம் அடித்துக் கொடுத்தார். அக்கா அவருக்கு ஒரு தம்ளர் மோர் கொடுத்தார். வாங்கிக் குடித்தார்.

"தவக்காலத்துல கறி எடுக்க மாட்டீகளாம்ல?" என்று கேட்டார்.

"ஆமா. ஈஸ்டர் வரைக்கும் எடுக்கிறதில்ல."

"அதான் எலும்பு தேடி எங்க வீட்டுக்கு வந்திருச்சு" என்றார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் முதலில் பார்த்தது அன்றுதான்.

வெயில் ஏறியதும் ஈத் தொல்லை வந்தது. திறந்து விட்டிருந்த காயத்தின் மூலையில் ஒரு நாள் புழு நெளிந்தது. வேப்பெண்ணெயில் கற்பூரத்தைப் பொடித்துப் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, கோழியிறகால் விட்டோம். அக்கா குட்டியின் காலைப் பிடிக்க, நான் ஊக்கின் முனையால் புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். அதன் பிறகு காயத்தின் மேல் மெல்லிய துணி கட்டி, ஈ உட்காராமல் பகலெல்லாம் விசிறியோடு உட்கார்ந்திருந்தேன். தையல் போட்ட இடம் மெல்ல மெல்ல உலர்ந்து கருத்தது. குட்டி மூன்று காலில் எழுந்து நின்றது. அடிபட்ட காலைத் தரையில் தொட்டுத் தொட்டு எடுத்தது.

இதற்கு நடுவில் வந்ததுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

நான் வாசலுக்கு வந்தபோது அக்கா எதிர்ப்பக்கம் நிற்கவில்லை. கொட்டகைக்குள் இருந்தார். போனேன். நாய் புதுத் தூணடியில் தலையை முன்காலில் வைத்துப் படுத்திருந்தது. முன்னால் சட்டி நிறையத் தண்ணீர்.

"குடிக்கலத்தா" என்றார். "நானும் ரெண்டு தரம் மாத்தி வச்சுட்டேன். மோந்துகூடப் பாக்கல. சோறும் வேண்டாங்குது."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நாய் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. எச்சில் வடிகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தோம். மூக்கு ஈரமாக இருந்தது. அது நல்லதா கெட்டதா என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

"பூசைக்குப் போகலையாக்கா?"

"சாரு மட்டும் போயிருக்காக. நா போகல. உன்னைய விட்டுட்டு எங்கத்தா போறது?" என்றார். அவர் கையில் ஜெபமாலை இருந்தது. உதடு அசைந்துகொண்டே இருந்தது. சற்று நேரம் கழித்து, "நானும் உன்கூட வர்றேன். ஊசி போடணும்னா ஒவ்வொரு நாளும் கூட வர்றேன். பயப்படாத" என்றார்.

கனகாம்பரச் செடிக்காகத் தெருவில் நின்று சண்டை போட்டவர். அவர் தோளில் சாய்ந்து நான் அழுதேன். குட்டி கடிபட்ட அன்றுகூட வராத அழுகை.

வாத்தியார் பூசை முடிந்து வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் குடை. கொட்டகைக்குள் இரண்டு பெண்கள் நாய்க்கு முன்னால் உட்கார்ந்து அழுவதைப் பார்த்து, "என்ன, யாருக்கு என்ன?" என்று பதறினார்.

அக்கா சொன்னார்.

"அட, அதுக்கா?" என்றார் அவர். "விடியக்கால நா எழுந்திரிச்சப்ப அது வாலாட்டுச்சு. பாவம், கட்டியே கெடக்கேன்னு நேத்துச் சோத்துல மோர் ஊத்திக் கரைச்சு ஒரு சட்டி நிறைய வச்சேன். மிச்சம் வைக்காம குடிச்சுச்சு. அதுக்கு மேல அதுக்கு எங்க தண்ணி தவிக்கும்?"

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். வாத்தியார் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். நாங்கள் இருவரும் முகத்தைத் துடைத்தோம். முதலில் சிரித்தது யார் என்று நினைவில்லை. சிரிக்க ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. மத்தியானம் வெயில் ஏறியதும் நாய் எழுந்து சோம்பல் முறித்து, சட்டித் தண்ணீரைக் காலி செய்தது. நாங்கள் உட்கார்ந்து கடைசி மடக்கு வரை பார்த்தோம்.

டாக்டர் சொன்ன கெடு தாண்டியும் நாய் நன்றாகவே இருந்தது. தையல் பிரிக்கப் போனபோது டாக்டரிடம் சொன்னேன். "அப்ப எல்லாரும் பொழச்சீங்க" என்றார். காலை ஊன்றி நடக்குமா என்று கேட்டேன். கொஞ்சம் சாய்ந்து நடக்கும், அதனால் ஒன்றும் குறையில்லை என்றார்.

அப்படித்தான் ஆயிற்று. பங்குனியில் குட்டி நான்கு காலும் ஊன்றியது. அடிபட்ட கால் லேசாக வெளிப்பக்கம் வளைந்து விழும். ஓடும்போது அது தெரியாது, நடக்கும்போது தெரியும். தாயாடு கடைசிவரை அதைச் சேர்க்கவில்லை. குட்டியும் தாயைத் தேடவில்லை. பாலாடையை விட்டதும் நேராக எதிர்வீட்டு வெள்ளாட்டின் மடிக்கே போய் முட்டிற்று. வெள்ளாடு ஒரு தரம் திரும்பி முகர்ந்து பார்த்துவிட்டு நின்றுகொடுத்தது. பிறகு மேய்ச்சலுக்கு அதன் பின்னாலேயே போகும். வெள்ளாடு முன்காலைத் தூக்கி வேலியில் வைத்துக் கருவேலங்கொழுந்தை எட்டினால் இதுவும் தூக்கிப் பார்க்கும். பின்கால் தாங்காமல் உட்கார்ந்துவிடும். மறுபடி எழுந்து தூக்கும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துச் சிரிப்பார்கள். நாய் இருக்கும் பக்கம் மட்டும் வெகுநாள் போகவில்லை. சங்கிலிச் சத்தம் கேட்டால் என் கால்களுக்கு இடையில் வந்து நிற்கும்.

அது வளர்ந்து சினையானபோது எனக்கு ஒரு கவலை இருந்தது. தாயிடம் வளராத ஆடு. தன் குட்டியை அதற்குத் தெரியுமா, நக்கிக் கொடுக்குமா, மடி கொடுக்குமா? அக்காவிடம் சொன்னேன். "தெரியலைன்னா நம்ம ரெண்டு பேரும் இருக்கோம்ல" என்றார்.

எழுபதுகள் பிறந்திருந்தன. எனக்கு மூத்தவன் பிறந்து தவழ்ந்துகொண்டிருந்தான். ஒரு காலையில், வெயில் நன்றாக விழுந்திருந்த நேரம், ஆடு எங்கள் வீட்டு வேலியோரம் தரையைக் காலால் பறித்துப் பறித்துப் படுத்தது. அக்காவைக் கூப்பிட்டேன். மாவரைத்த கையோடு வந்தார். முதலில் ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. இரட்டைக் குட்டி.

நாங்கள் துணியும் கையுமாக முன்னால் போனோம். ஆடு எங்களைத் தலையால் தள்ளிவிட்டது. வளைந்த காலை ஒருக்களித்து ஊன்றி எழுந்து, முதல் குட்டியின் மூக்கிலிருந்து நக்க ஆரம்பித்தது. மூக்கு, கண், காது, முதுகு என்று ஓர் இடம் விடவில்லை. பிறகு இரண்டாவது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கொடுத்தது. அதுவரை அந்தச் சத்தத்தை அதனிடம் நான் கேட்டதில்லை. குட்டிகள் தள்ளாடி எழுந்தன. ஒன்று தவறான பக்கம் போய் முன்காலை முட்டியது. ஆடு அதைப் பின்பக்கம் மெல்லத் தள்ளிவிட்டு, மடி எட்டுகிற மாதிரி வாகாக நின்றது.

"பாரு, நம்மளத் தேடவே இல்ல" என்றார் அக்கா. கையில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. குட்டிகள் இரண்டும் வாலை ஆட்டி ஆட்டிக் குடித்து முடிக்கும்வரை நாங்கள் அங்கேயே வெயிலில் நின்றுகொண்டிருந்தோம்.